சொல்லும் அதன் சாட்சியும்

(ஜமாஅத் கல்விக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக் கொள்ளும் வழி பற்றிப் பேசுமாறு கல்விக் குழு நம்மைப் பணித்திருக்கிறது. ஆங்கிலத்தின் தேவையை இவ்வூரில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவரேனும் சபுராளியாக இருக்கும் ஊர் இது. ஆனால் ஆங்கிலத்தை அரைகுறையாக அறிந்திருப்பதால் நேரும் இழப்பு பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பேச விரும்புகிறோம்.

நம் பிள்ளைகளின் நோட்டைத் திறந்து பாருங்கள். நடுவே ஒரு கோடு. இடப்புறம் ஆங்கிலச் சொல், வலப்புறம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். இதையே மனப்பாடம் செய்கிறார்கள். நம் முன்னோரும் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தவர்கள்தாமே என்று கேட்கலாம். அவர்களுக்குத் தமிழ் வீட்டு மொழி. நிகண்டில் கற்ற சொல்லின் புழக்கத்தைக் கடைத்தெருவிலும் செய்யுளிலும் அன்றாடம் கேட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டிலும் இல்லை, தெருவிலும் இல்லை. அந்தக் குறையை நிரப்ப வேண்டியவை இரண்டு: எளிய விளக்கம், எடுத்துக்காட்டு வாக்கியம்.

‘பாரோ’, ‘லெண்ட்’ ஆகிய இரு சொற்களை எடுத்துக் கொள்வோம். இரண்டுக்கும் எதிரே ‘கடன்’ என்று எழுதிக் கொண்ட மாணவன், ‘ப்ளீஸ் பாரோ மீ யுவர் பென்’ என்று கேட்கிறான். அது பிழை. திருப்பித் தரும் எண்ணத்தோடு பிறர் பொருளை வாங்குவது ‘பாரோ’. திரும்பப் பெறும் எண்ணத்தோடு தன் பொருளைக் கொடுப்பது ‘லெண்ட்’. இத்தோடு இரண்டு வாக்கியங்களையும் எழுதச் சொல்லுங்கள். ‘ஐ பாரோட் எ பென் ஃப்ரம் மை பிரதர்.’ ‘மை பிரதர் லென்ட் மீ எ பென்.’ பேனா ஒன்று, நிகழ்ச்சியும் ஒன்று. யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதே வேறு. ‘ஃப்ரம்’ எங்கே வரும், எங்கே வராது என்பதையும் வாக்கியமே சொல்லிக் கொடுத்துவிட்டது. இலக்கண நூலைத் திறக்கவே தேவையில்லை.

வகுப்பில் பிள்ளைகள் எழுந்து ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பார்கள். சந்தேகம் கேட்பது நம் வழக்கம்; நம் நாட்டில் எல்லோருக்கும் அது புரியும். ஆனால் அயல்நாட்டு மேலாளருக்கு, ‘உங்கள் கடிதத்தில் எனக்கு டவுட்’ என்று எழுதினால், கடிதத்தையே நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ளக் கூடும். அங்கே ‘கொஸ்சன்’ என்பதே பொருந்தும். ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று நாம் எழுதுவதும் இவ்வாறே. தமிழின் ‘பற்றி’ அங்கே ‘அபௌட்’டாக நுழைந்துவிடுகிறது. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்கு அது தேவையில்லை.

இவை மதிப்பெண் குறையும் பிழைகள். பணமும் உரிமையும் குறையும் இடம் ஒன்று உண்டு. அதுதான் வேலை ஒப்பந்தம்.

‘தி கம்பெனி ஷேல் ப்ரொவைட் அகாமடேஷன்’ என்று இருந்தால், தங்குமிடம் தருவது நிறுவனத்தின் கடமை. ‘தி கம்பெனி மே ப்ரொவைட் அகாமடேஷன்’ என்று இருந்தால், தரலாம், தராமலும் இருக்கலாம். இரண்டிலும் ‘அகாமடேஷன்’ என்ற பெரிய சொல்லைக் கண்டு, பொருள் புரிந்த மகிழ்ச்சியில் நம் பிள்ளை கையெழுத்திடுகிறான். அவன் வாழ்வைத் தீர்மானிப்பதோ ‘மே’ என்ற சின்னஞ்சிறு சொல். அந்தச் சொல்லை அவன் மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டான். தெரிந்த சொல் என்பதால் யாரிடமும் கேட்கவும் மாட்டான்.

‘பேஸிக்’ என்ற சொல்லும் அப்படியே. எளிமையானது, ஆரம்ப நிலையில் உள்ளது என்றே நம்மவர் அதை அறிவர். ஒப்பந்தத்தில் ‘பேஸிக் ஸாலரி’ என்பது, வீட்டுப்படி, பயணப்படி முதலியவை சேராத அடிப்படைச் சம்பளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டப்படி, ஓராண்டு பணியை நிறைவு செய்தவருக்குரிய பணிக்கொடை இந்த அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம் என்பது கணக்கு. மொத்தச் சம்பளம் ஒன்றாகவே இருக்கும் இருவரில், ‘பேஸிக்’ குறைவாக எழுதப்பட்டவர் ஊர் திரும்பும்போது குறைவாகப் பெறுவார். ‘ப்ரொபேஷன்’ என்பது, பணிக்குத் தகுதியானவரா என்று பார்க்கும் தொடக்கக் காலம். அதே சட்டத்தில் அதன் உச்ச வரம்பு 6 மாதம். இது தெரிந்தவர், ஒப்பந்தத்தில் அதற்கு மேல் எழுதியிருந்தால் கேள்வி கேட்பார்.

வீட்டிலிருக்கும் தாய்மார்கள் இதில் நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். சளி மருந்துகள் பலவற்றின் அட்டையில் ‘மே காஸ் ட்ரௌஸினெஸ்’ என்று எழுதியிருக்கும். தூக்கக் கலக்கம் வரக்கூடும் என்பது பொருள். பைக் ஓட்டிச் செல்லும் மகனுக்கு அதைக் கொடுக்கிறோம். மேலே ஒப்பந்தத்தில் கண்ட அதே ‘மே’தான் இது. அங்கே விருப்பம், இங்கே வாய்ப்பு. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கோடு போட்டு எழுதும் பழக்கம் இங்கே நம்மைக் கைவிட்டுவிடுகிறது.

நம்மைப் போன்று ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போருக்கென்றே அகராதி செய்தவர்கள் உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்பவர் அன்றைய வங்காளத்தின் டாக்காவில் கல்விப் பணியாற்றியவர். அகராதியில் ஒரு கடினச் சொல்லைத் தேடினால், விளக்கத்தில் அதைவிடக் கடினமான இரு சொற்கள் நிற்பதை அவர் கண்டார். 1935-இல் என்டிகாட் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதி, சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, தம் நண்பர்கள் இருவருடன் உருவாக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஒரு சொல் எந்த அமைப்பிலுள்ள வாக்கியத்தில் வரும் என்பதைக் காட்டுவது அதன் சிறப்பு. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபடி வெளியிட்டது. இன்று மாணவர் கைகளில் தவழும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதியின் மூலம் அதுவே.

இதில் நமக்குப் புதுமை இல்லை. அரபு அகராதிக் கலையின் முன்னோடியான பஸ்ராவின் கலீல் இப்னு அஹ்மத் காலம் முதலே, ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னால் அச்சொல் பயின்று வரும் கவிதை வரியையோ வழக்கையோ எடுத்துக்காட்டுவது அரபு அறிஞர் மரபு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஷாஹித்’, அதாவது சாட்சி. பிள்ளையின் நோட்டில் நாம் கேட்பதும் அந்தச் சாட்சியைத்தான்.

இனி நடைமுறை. ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் 2,000 சொற்குடும்பங்கள், சாதாரண எழுத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தாங்குகின்றன. நாளைக்கு 5 என்றால் 400 நாள். ‘முப்பதே நாளில் ஆங்கிலம்’ என்ற விளம்பரங்களை நாம் நம்புவதற்கில்லை. 400 நாளை நம்பலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் எளிய ஆங்கிலத்தில் ஒரு விளக்கம், அகராதியிலிருந்து ஒரு வாக்கியம், பிறகு சொந்தமாக ஒரு வாக்கியம். சொந்த வாக்கியத்தில் வாப்பாவும் உம்மாவும் நம் தெருவும் வரட்டும். ராமு, சோமு வேண்டாம். தன் வீட்டைப் பற்றி எழுதிய வாக்கியம் எளிதில் மறக்காது. தமிழ்ப் பொருளையும் எழுதிக் கொள்ளலாம். அதைத் தடுப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அது கடைசி வரியில் இருக்கட்டும்.

கைப்பேசியில் தட்டினால் உடனே தமிழ் வந்துவிடுகிறதே என்பார்கள். அவசரத்துக்கு அது நல்ல துணை. ஆனால் தேடாமல் கிடைத்தது தங்குவதில்லை. அதே கைப்பேசியில் ஆங்கில விளக்க அகராதியும் உச்சரிப்பும் செலவின்றிக் கிடைக்கின்றன. அவற்றைத் திறக்கப் பழக்குங்கள்.

எழுதியதை மறுநாளும், மூன்றாம் நாளும், வாரம் கழித்தும் ஒப்பிக்க வேண்டும். கற்றதில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் எழுதினார். பழைய பாடத்தைக் கேட்காமல் புதுப்பாடம் தராத நம் மக்தப் உஸ்தாதுகள் அவர் நூலைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் செய்தது அதையே.

கல்விக் குழுவிடம் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இரண்டு. ஞாயிறுதோறும் மஃரிபுக்குப் பின் மதரஸா கட்டடத்தில் மாணவர்களுக்கும், அஸருக்குப் பின் பெண்களுக்கும் அரைமணி நேரச் சொல் வகுப்பு நடத்த வேண்டும். பயணம் புறப்படும் இளைஞர்கள், கையெழுத்திடுவதற்கு முன்பே ஒப்பந்த நகலைக் கொண்டு வந்து, விவரம் தெரிந்தவர் முன்னிலையில் வரிவரியாகப் படிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஊர் திரும்பியுள்ள சபுராளிகள் பலர் அங்கே அலுவலகங்களில் இருந்தவர்கள். இந்த வேலைக்கு அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை. முதல் வகுப்புக்கு வருவோர் ஒரு நூறு பக்க நோட்டும், வீட்டிலிருக்கும் மருந்து அட்டை ஒன்றும் கொண்டு வந்தால் போதும்.