எளிய வீட்டுப் பிள்ளையும் நமது வாக்கும்



2024 செப்டெம்பரில் இந்நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவானவர் ஒரு தொழிலாளியின் மகன். தம்புத்தேகமவில் வளர்ந்து, அங்குள்ள மத்திய கல்லூரியில் படித்து, பல்கலைக்கழகம் சென்றவர் அநுர குமார திசாநாயக்க. 2019இல் அவருக்கு 3 வீதத்துக்குச் சற்றே கூடுதலான வாக்குகள் கிடைத்தன. ஐந்து ஆண்டில் அது 42 வீதமானது. 2022இல் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் அலைந்த மக்கள், தங்கள் கஷ்டம் தெரிந்த ஒருவரைத் தேடினார்கள். 1988இல் ரணசிங்க பிரேமதாச வென்றபோதும், கொழும்பின் எளிய குடும்பத்துப் பிள்ளை என்பது அவருக்குப் பெரும் பலமாக இருந்தது.

"நானும் உங்களைப் போல் ஏழை வீட்டில் பிறந்தவன்" என்று ஒருவர் சொன்னால் நம் தோட்டத்து மக்களின் மனம் இளகிவிடும். அதில் தவறில்லை. ஆனால் நமது வாக்கின் கதையையும் நாம் மறக்கக்கூடாது.

1947இல் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். அவர்களில் ஒருவர் நமது மஸ்கெலியாத் தொகுதியின் ஜி. ஆர். மோத்தா. அடுத்த ஆண்டே குடியுரிமை பறிபோனது, பின்னர் வாக்கும் போனது. 1977இல் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வெல்லும் வரை முப்பது ஆண்டுகள் காத்திருந்தோம். நாடற்றவர் என்ற பெயர் முழுதாக நீங்க 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வேண்டியிருந்தன. நம் பாட்டிமார் பலர் ஒருமுறையேனும் வாக்களிக்காமலே கண்மூடினார்கள்.

2024 செப்டெம்பரில் நுவரெலியா மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கே கூடுதலாக வாக்களித்தது. நவம்பரில் தேசிய மக்கள் சக்தியை முன்னே நிறுத்தியது. யார் பக்கம் சரி என்று சொல்ல இங்கு வரவில்லை. நம் மக்கள் யோசித்து மாறவும் தெரிந்தவர்கள் என்பதே செய்தி. அந்தத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்கள் வாக்கால் அங்கு சென்றது அதுவே முதல் முறை.

வைத்தியர்களாகிய நாங்கள் தலைவர்களை வேறொரு அளவுகோலால் அளக்கிறோம். கொழுந்து பறிக்கும் அம்மா பிரஷருக்கு மருந்து எடுக்கக் கிளினிக் வந்தால் அன்றைய பேர் போய்விடும். பாதி நாள் வேலை செய்தாலும் அரைப்பேர்தான். அதனால் இந்த மாதம் வரமாட்டார், அடுத்த மாதமும் வரமாட்டார். பிறகு ஒருநாள் வாதம் வந்து, கைகால் இழுத்த நிலையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் கொண்டுவரும் கிளினிக் கொப்பியில் முகவரி என்று இருப்பது லயத்தின் இலக்கம்.

அரைப்பேர் என்றால் என்னவென்று விளக்காமலே புரிந்துகொள்ளும் தலைவர் கிடைப்பது பாக்கியம்தான். ஆனால் புரிந்தது போதாது. அந்த அம்மா சம்பளம் இழக்காமல் மருந்து எடுக்க முடிகிறதா? சொந்தக் காணியில், சொந்த முகவரியில் வாழ்கிறாரா? ஏழை வீட்டில் பிறந்தவரிடம் இதைக் கேட்கும் உரிமை நமக்கு இன்னும் அதிகம்.

கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரிகளே, இந்தப் பாடசாலை நமக்குக் கேள்வி கேட்கக் கற்றுத்தந்தது. தேர்தல் முடிந்த பின்பும் கேட்டுக்கொண்டே இருப்போம். நம் தங்கைமாருக்கும் அதையே சொல்லிக் கொடுப்போம்.