மாற்றுச் சான்றிதழுக்காக மூன்று பயணங்கள்

(ஆசிரியர் பயிற்சியில் வளர்ப்புத் தாய் ஒருவர் ஆற்றிய உரை)



நான் ஒரு வளர்ப்புத் தாய். இது தத்தெடுப்பு அல்ல. பெற்றோரால் பராமரிக்க இயலாத குழந்தையை, குழந்தைகள் நலக்குழுவின் ஆணைப்படி குறிப்பிட்ட காலம்வரை ஒரு குடும்பம் வளர்ப்பது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 44 இதற்கு வழிசெய்கிறது. அப்படித்தான் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் பெயரை நான் சொல்லக் கூடாது.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து சமூகப் பணியாளர் ஒருவர் அவளைப் பார்க்க வருவார். ஒருமுறை சொன்ன தேதியில் வரவில்லை. மாலைவரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள், "அக்காவுக்கு என்னைப் பிடிக்கலையா அத்தை?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த முறை அவர் வந்ததும் கேட்டே விட்டேன். அவர் பையிலிருந்து குழந்தையின் மாற்றுச் சான்றிதழை எடுத்து நீட்டினார். அதற்காகப் பழைய பள்ளிக்கு மூன்று முறை போயிருக்கிறார். முதல் முறை, பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை, தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மூன்றாம் முறைதான் சான்றிதழ் கிடைத்தது. எமிஸில் பெயரை காமன் பூலுக்கு விடுவித்ததும் அன்றுதான். அதுவரை குழந்தை பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள்.

"குழந்தைங்களோட உட்கார்ந்து பேசணும்னுதான் இந்த வேலைக்கு வந்தேன்மா. பேப்பருக்கு அலையறதிலேயே நாள் போயிடுது" என்றவரின் கண்கள் கலங்கியிருந்தன.

அலைச்சலை அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். காத்திருக்கும் குழந்தையின் முன் சொன்ன சொல் தவறியவராய் நிற்பதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. நாங்களும் அவர்களைத்தான் குறை சொல்கிறோம்.

இந்தப் பாரத்தில் பாதியை உங்களால் குறைக்க முடியும். மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5. கேட்டவுடன் சான்றிதழ் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 14. முதலில் குழந்தையை வகுப்பில் உட்கார வையுங்கள். தாள்கள் பின்னால் வரட்டும்.

சமூகப் பணியாளர் பள்ளிக்கு வந்தால், மற்ற மாணவர்கள் முன் பேசாமல் தனி இடம் கொடுங்கள். குழந்தையின் வருகை, படிப்பு, நட்பு பற்றி நான்கு வரி எழுதிக் கொடுங்கள். எப்போதாவது வரும் அவருக்கு, நாள்தோறும் பார்க்கும் உங்கள் கண்கள் தேவை.

சான்றிதழ் கிடைத்த அன்று அவர் கோப்பைத் திறக்கவேயில்லை. ஒரு மணி நேரம் இருவரும் பல்லாங்குழி ஆடினார்கள். அதன்பிறகு குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை அவர்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுங்கள்.