ஆறு சேனல் என்றால் எந்த ஆறு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். என் வேலை ஒலி. பாடுவது இல்லை, பயப்பட வேண்டாம். பதிவான ஒலியை ஒரு ஃபைலிலிருந்து எடுத்து, வேறு வடிவத்துக்கு மாற்றி, உங்கள் காதில் சேர்க்கிற சாஃப்ட்வேர். அதில் ஒரே ஒரு ஸ்ட்ரக்சரைப் பற்றி மட்டும் சொல்லப்போகிறேன்.

ஆறு சேனல் உள்ள ஒரு ஃபைலைத் திறக்கிறீர்கள். விநாடிக்கு 48,000 முறை, ஆறு ஆறு எண்களாக, மொத்தம் 2,88,000 எண்கள் வரிசையில் நிற்கின்றன. எந்த எண் எந்த ஸ்பீக்கருக்கு? எண்ணைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. "ஆறுன்னா 5.1 தானே சார்" என்பீர்கள். சரி, 5.1 என்றே வைத்துக்கொள்வோம். வேவ் ஃபைலில் இடது, வலது, நடு, சப்-வூஃபர், பின் இடது, பின் வலது என்று வரும். வோர்பிஸில் இடது, நடு, வலது, பிறகு பின்பக்கம் இரண்டு, கடைசியில்தான் சப்-வூஃபர். ஏஏசி-யில் நடுதான் முதலில். குழப்பினால் கதாநாயகன் வசனம் இடது மூலையிலிருந்து கேட்கும்.

இதற்கு வெகுகாலம் இருந்த விடை ஒரு முழு எண். மைக்ரோசாஃப்ட் வேவ் ஃபைலின் விரிவாக்கப்பட்ட தலைப்பில் 32 பிட் எண் ஒன்றை வைத்து, 18 ஸ்பீக்கர் இடங்களுக்கு ஆளுக்கொரு பிட் ஒதுக்கியது. 2000-இல் ஃபப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் லைப்ரரி (உங்கள் விஎல்சி பிளேயருக்குள்ளும் இருப்பது) அதே முறையை 64 பிட்டில் வைத்திருந்தது. இடது 1, வலது 2, நடு 4, சப்-வூஃபர் 8, பின் இடது 16, பின் வலது 32. கூட்டினால் 63. இந்த 63-ஐ எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு சமக்குறியில் காப்பி ஆகிவிடும், இரண்டு சமக்குறியில் ஒப்பிட்டுவிடலாம், பிட்டுகளை எண்ணினால் சேனல் எண்ணிக்கை. வேறென்ன வேண்டும்?

வேண்டியிருந்தது. பின்பக்கத்துக்குப் பதிலாகப் பக்கவாட்டு ஸ்பீக்கர் என்றால் எண் 1551. அதற்கும் மக்கள் வைத்த பெயர் 5.1 தான்! இது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை, ஸ்பீக்கரே இல்லாத சேனல்கள். 1970-களில் பிரிட்டனில் மைக்கேல் கெர்சன் முதலானோர் உருவாக்கிய ஆம்பிசானிக்ஸ் முறையில், சேனல் என்பது ஓர் இடமே அல்ல; ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள ஒலிவெளியின் கூறு. முதல் வரிசைக்கு 4 சேனல், இரண்டாவதற்கு 9, மூன்றாவதற்கு 16. 360 டிகிரி வீடியோவில் இந்த நான்கோடு, தலையைத் திருப்பினாலும் திரும்பாத ஸ்டீரியோ இரண்டைச் சேர்ப்பார்கள். கூட்டிப் பாருங்கள், மறுபடியும் ஆறு.

நம்ம ஊர் ஆறு ஒன்று சொல்கிறேன். கச்சேரியை ஆறு மைக்கில் பதிகிறோம்: குரல், வயலின், மிருதங்கத்தின் வலந்தலை, தொப்பி, கடம், தம்புரா. ஆறு என்றதும் ஒரு புரோகிராம் 5.1 என்று ஊகித்துக்கொண்டு ஸ்டீரியோவாகச் சுருக்குகிறது என்று வையுங்கள். குரல் இடது காதுக்கு, வயலின் வலது காதுக்கு, வலந்தலை நடுவில். நான்காவது? அது சப்-வூஃபர் இடம். ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது அந்தச் சேனலை விட்டுவிடுவது எஃப்எஃப்எம்பெக்கில் வழக்கமான அமைப்பு. தொப்பி போயிற்று. ஃபைல் ஒழுங்காக ஓடும், மிருதங்கம் மட்டும் பாதி. வித்வான் கேட்டால் என்ன பதில் சொல்வது?

பல வருடப் பேச்சுக்குப் பிறகு 2022 ஜூலையில் எஃப்எஃப்எம்பெக் 5.1 பதிப்பு (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!) அந்த முழு எண்ணுக்குப் பதில் ஒரு ஸ்ட்ரக்சரைக் கொண்டுவந்தது. அதில் முதல் விவரம் 'வகை', அடுத்தது சேனல் எண்ணிக்கை. மூன்றாவது ஒரு யூனியன்: வகையைப் பொறுத்து, பழைய 64 பிட் எண்ணாகவோ, ஓர் அட்டவணையின் முகவரியாகவோ இருக்கும். வகைகள் நான்கு. பழைய பிட் முறை ஒன்று, ஆம்பிசானிக் ஒன்று. 'சொந்த ஏற்பாடு' என்று ஒன்று. அதில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி வரி, அதற்கு ஓர் அடையாளம், ஒரு பெயர். எந்த வரிசையும் இருக்கலாம், ஒரே இடம் இரண்டு முறை வரலாம்.

நான்காவது வகை, 'குறிப்பிடப்படவில்லை'. ஆறு இருக்கிறது, எந்த ஆறு என்று தெரியாது. என்னைக் கேட்டால் நான்கில் இதுதான் உயர்ந்தது. முன்பும் பூஜ்யம் போட்டுத் தெரியாது என்று சொல்லலாம்தான். ஆனால் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் ஊகிக்க ஆரம்பிப்பதே பல புரோகிராம்களின் பழக்கம். இப்போது அது பெயருள்ள ஒரு வகை. கண்ணில் படாமல் தாண்டிப் போக முடியாது.

விலை இல்லாமல் இல்லை. சமக்குறி போட்டுக் காப்பி செய்தால் இரண்டு ஸ்ட்ரக்சரும் ஒரே அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றை விடுவித்தால் மற்றது அந்தரத்தில். ஆகவே காப்பிக்கு ஒரு ஃபங்ஷன், ஒப்பிட ஒன்று, விடுவிக்க ஒன்று. பழைய முழு எண்ணை உடனே தூக்கவில்லை. 2024 ஏப்ரலில் வந்த 7.0 பதிப்பில்தான் எடுத்தார்கள். அந்த இடைவெளியில் எங்களைப் போன்றவர்கள் எல்லா இடத்தையும் தேடித் தேடி மாற்றினோம். அலுப்பான வேலை. ஆனாலும் எல்லாவற்றையும் அட்டவணையாக்காமல், அதே யூனியனில் பழைய எண்ணை விட்டுவைத்தார்களே, அது நல்ல தீர்ப்பு. சாதாரண ஸ்டீரியோவுக்கு இன்றும் 3 என்ற எண் போதும், தனியாக மெமரி ஒதுக்க வேண்டியதில்லை. கச்சேரி பதிபவன் அட்டவணைக்கான விலையைக் கொடுக்கட்டும், சினிமாப் பாட்டு கேட்பவன் ஏன் கொடுக்க வேண்டும்?

குறையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சேனல் பெயருக்கு ஒதுக்கியது 16 பைட். முடிவுக் குறி போக 15. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். 'கடம்' 12 பைட், உட்கார்ந்துவிடும். 'குரல்' சரியாக 15, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும். 'வயலின்' 18, 'தொப்பி' 18, இடமில்லை. 'மிருதங்கம்' 30. ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பதே பைட். அந்த 16-ஐ இப்போது பெரிதாக்கலாமா என்றால், ஏற்கெனவே கம்பைல் ஆன புரோகிராம்கள் அட்டவணையின் இரண்டாவது வரியைத் தப்பான இடத்தில் போய்ப் படிக்கும்.

கடைசி வருட புராஜெக்ட் தேடும் தம்பி தங்கைகள் இதை எடுத்துப் பார்க்கலாம். சோர்ஸ் கோட் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அந்த ஹெடர் ஃபைலை ஒரு சாயங்காலத்தில் படித்துவிடலாம். சந்தேகம் இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.