போதையாளி சொல்வதை நம்பலாமா?
(தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்கிறோம். ஊசியும் கஞ்சாவும் பழகியவன் பேச்சையும் அதே கணக்கில் தள்ளிவிடுகிறோம். ‘எவ்வளவு போட்டாய், எப்போது போட்டாய்?’ என்று கேட்டால் அவன் சொல்வது மெய்யா, பொய்யா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

வியத்நாமில் சண்டையிட அமெரிக்க சர்க்கார் அனுப்பிய சிப்பாய்களில் பலர் அங்கே ஹெராயினில் விழுந்தார்கள். 1971 ஜூனில் ஓர் உத்தரவு வந்தது: ஊர் திரும்புமுன் சிறுநீர் கொடுக்க வேண்டும்; போதை தெரிந்தால் சிகிச்சை முடிந்த பிறகே விமானம் ஏறலாம். அவ்வாண்டு செப்டம்பரில் திரும்பியவர்களை, மறு ஆண்டு லீ ராபின்ஸ் என்ற அம்மையாரின் குழு வீடு தேடிப்போய்க் கேட்டது. சொல்வது வெளியே போகாது என்று உறுதி கொடுத்துக் கேட்டது. போதை உண்டு என்று பட்டாளத்து ஏட்டில் பதிவானவர்களில் ஏறத்தாழ எல்லோருமே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். வியத்நாமில் அடிமையாகவே இருந்தோம் என்றவர்கள் ஐந்தில் ஒருவர்! ஊர் வந்தபின் பெரும்பாலோர் விட்டுவிட்டதாகச் சொன்னதைத்தான் பலர் நம்ப மறுத்தார்கள். பேட்டியின்போது எடுத்த சிறுநீரும் அவர்கள் பக்கமே சாட்சி சொன்னது.

அதே அமெரிக்காவின் போலீஸ் லாக்கப்புக்கு வருவோம். 1987 முதல் பல நகரங்களில், கைதானவர்களிடம் வாயாலும் கேட்டார்கள், சிறுநீரும் எடுத்தார்கள். கொக்கெயின் தெரிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், இந்த இரண்டு மூன்று நாளில் தொடவில்லை என்றார்கள். பெயரைக் குறிக்கமாட்டோம் என்று சொல்லித்தான் கேட்டார்கள். கம்பிக்குள் நிற்பவன் அதை நம்புவானா? நம்மில் லாக்கப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போதை ஒன்றுதான். கேட்டவன் யார், சொன்னால் என்ன நேரும் என்பதுதான் வேறு.

சரி, சிறுநீராவது அரிச்சந்திரனா? ஹெராயின் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். நிறையப் புகைத்தவன் உடம்பில் கஞ்சா வாரக்கணக்கில் நிற்கும், விட்டவனையும் காட்டிக்கொடுக்கும். கசகசா தின்றவனுக்கும் அபின் என்று காட்டக்கூடும். இதனாலேயே அமெரிக்க சர்க்கார் 1998-இல் தன் சோதனை வரம்பை ஆறு மடங்குக்கு மேல் உயர்த்தியது.

நமக்கு இதில் அவசரமான விஷயம் குடி. தினமும் நிறையக் குடிப்பவன் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். எவ்வளவு குடிக்கிறான் என்று தெரிந்தால்தான் டாக்டர் அதைத் தடுக்க மருந்து கொடுப்பார். வெட்கத்தில் அவன் பாதியை விழுங்கிவிட்டால் மருந்தும் குறைந்துபோகும். ஆகவே, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிற தோழர்களே, டாக்டர் கேட்கிறபோது மேஸ்திரியும் மாமனாரும் வெளியே நிற்கட்டும். நீங்களும் வெளியே நில்லுங்கள்.