குடியை விடுகிறவனுக்குத் துணை யார்?



குடிக்காதேன்னு புத்தி சொல்ல நான் வரல. அதுக்கு ஊர்ல ஆள் நிறைய இருக்கு. 'சேரிக்காரன் குடிச்சே கெட்டான்' என்று பேசுகிறவர்களே சாவுக்குப் பறையடிக்கக் கூப்பிட்டு, கூலியோடு சாராயத்தையும் ஊத்திக் கொடுத்தாங்க. பிணம் எரிக்கவும் மலக்குழியில் இறங்கவும் 'கொஞ்சம் போட்டுக்கிட்டு வா' என்றார்கள். இப்படித்தான் சாதித் தொழிலோடு குடியும் நம் தலையில் கட்டப்பட்டது. 2003லிருந்து சில்லறைக் கடையை டாஸ்மாக் பேரில் அரசே நடத்துது.

விடணும்னு முடிவெடுத்தவன் கதியைத்தான் பேச வந்தேன். எங்க தெருவுல நான் பார்த்தவரை, முதல் நாலு நாள் வைராக்கியத்துல ஓடிடும். சனிக்கிழமை கூலி வாங்குற சாயங்காலம்தான் கண்டம். 'ஒரே ஒரு கட்டிங் மச்சான்' என்பான் கூட்டாளி. வேணாம்னா, 'பெரிய மனுசனாயிட்டியோ?' கேட்கிறவன் யாரு? கைமாத்து கொடுத்தவன், பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினவன். குடியை விட்டா அவனையும் விடணும் என்ற நிலைமை. இதை 'மன உறுதி இல்லாதவன்' என்று தீர்ப்புச் சொல்லி முடிச்சிட முடியுமா?

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் இரண்டு பேர் சந்தித்து ஒருத்தருக்கொருத்தர் துணையாக நின்றதில்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறந்தது. 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் கூடி நின்று சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்தப் போராட்டம் பரவி, 1995இல் ஆந்திராவில் முழு மதுவிலக்கே வந்தது. 1997இல் அரசு அதைத் தளர்த்திவிட்டது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது. தெருவில் துணை வேணும்.

நாம செய்யக்கூடியது இதுதான். கூட்டம் முடிஞ்சதும் 'பார்ட்டி' வைக்கிற பழக்கத்தை இயக்கத்திலிருந்து ஒழிப்போம். சனிக்கிழமை சாயங்காலம் படிப்பகம் திறந்திருக்கட்டும். டீயும் கேரம் போர்டும் இருக்கட்டும். கூலி வாங்கி வர்றவனோடு இரண்டு பேர் நடந்து வாங்க. எந்த வேலைக்கும் கூலியைப் பணமாக மட்டுமே வாங்குவோம்.

ஒன்றை மறக்காதீங்க. பல வருசமா தினமும் குடிச்சவன் திடீர்னு நிறுத்தினா கை நடுங்கும், வலிப்பு வரலாம், பிதற்றலாம், உயிரே போகலாம். அவனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க.

திரும்பக் குடிச்சிட்டான்னா கேலி பேசாதீங்க. அந்தப் பாரத்தை அவன் பொண்டாட்டி தலையில மட்டும் விடாதீங்க. மறுநாள் காலையில் போய்க் கதவைத் தட்டுங்க.