அழகு நிலையம் திறக்கும் முன்

நம் தோட்டப் பள்ளியில் படித்த ஒரு பெண். புருவம் திருத்துவதிலும் மணப்பெண் அலங்காரத்திலும் கைதேர்ந்தவள். மணமாகி வேறோர் ஊருக்குப் போனவள், தாலிச் சங்கிலி தவிர மற்ற நகைகளை அடகு வைத்து, ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தாள். நாற்காலி, நிலைக்கண்ணாடி எல்லாம் வாங்கிப் போட்டாள். அதன் பிறகே லைசென்சுக்கு மனுச் செய்தாள். குடியிருப்பு வீட்டில் அத்தொழிலை நடத்த இயலாது என்று பதில் வந்தது. முன்பணம் போனது, நகை மூழ்கியது. அவளிடம் திறமை இருந்தது. எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் இடம். நம் தாசேக் கெலுகோர், செபராங் பிறை மாநகர் மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது. 2019 செப்டம்பர் வரை நகராண்மைக் கழகமாக இருந்தது இதுவே. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், 107ஆம் பிரிவின்படி லைசென்சு வழங்குவது இம்மன்றமே. ஆகவே, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்தக் கட்டடத்தில் அழகு நிலையம் நடத்த அனுமதி உண்டா என்று அங்கே கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, வியாபாரப் பதிவு. இதை மலேசிய நிறுவன ஆணையத்தில் செய்ய வேண்டும். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிவது சட்டம். அடையாளக் கார்டில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வேறு பெயர் சூட்டினால் 60 வெள்ளி.

மூன்றாவது, பெயர்ப் பலகை. இதற்கும் மன்றத்தின் அனுமதி வேண்டும். தமிழில் எழுதலாம், ஆனால் தேசிய மொழி கட்டாயம் இடம்பெற வேண்டும். கடையில் தீயணைப்புக் கருவி, சுத்தமான தண்ணீர், கிருமி நீக்கிய கத்தரியும் துண்டும் இருக்கட்டும். சோதனைக்கு வருபவர்களுக்காக மட்டுமல்ல, வாடிக்கையாளரின் நலனுக்காகவும்தான்.

ஒரே ஓர் ஊழியரை வைத்தாலும் ஊழியர் சேமநிதியிலும் சொக்சோவிலும் பதிய வேண்டும். நாளை நாமே பிறரிடம் வேலை செய்தால் இதைத்தானே எதிர்பார்ப்போம்?

நேயர்களே, இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அழகு நிலைய லைசென்சு, ஊசி போடும் உரிமை அன்று. முகச் சுருக்கம் போக்கும் ஊசி, பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. விலை மலிவு என்று முகவெண்மைக் களிம்பை வாங்கிப் பூசுவதும் ஆபத்து. பாதரசம் கலந்த களிம்பு சிறுநீரகத்தையே கெடுக்கும். என், ஓ, டி என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் சுகாதார அமைச்சின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

லைசென்சு கிடைத்ததும் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். கடையில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்பது அதே 107ஆம் பிரிவின் கட்டளை. காலம் முடியும் முன் புதுப்பிக்கவும் வேண்டும்.

இடத்தைக் கேள், பெயரைப் பதி, லைசென்சு எடு, பிறகே நாற்காலி வாங்கு. இந்த வரிசையை நம் பெண்கள் மனத்தில் வைத்தால், அடகுக்குப் போன நகை கழுத்துக்குத் திரும்பும்.