கொழுப்பு மாத்திரையும் குருட்டு நம்பிக்கையும்



இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கப்படும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பற்றி மக்களிடம் இரண்டுவித மூடநம்பிக்கைகள் இருந்து வருகின்றன. டாக்டர் கொடுத்துவிட்டார், இனி நமக்கு யோசனை எதற்கு என்பது ஒன்று. இங்கிலீஷ் மருந்து உடம்பைத் தின்றுவிடும் என்பது மற்றொன்று. முன்னது பக்தி, பின்னது பேய்ப்பயம். இரண்டுக்கும் பகுத்தறிவுக்கும் சம்பந்தமில்லையென்பதே நமது அபிப்பிராயம்.

இம்மருந்து எந்த ரிஷிக்கும் அசரீரியாய் வந்ததல்ல. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-ல் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். ஈரல் கொழுப்பை உற்பத்தி செய்வதை இது குறைக்கிறது. மாரடைப்புக் கண்டவர்களுக்கு மறுபடி அது வரும் அபாயத்தையும் குறைக்கிறது.

கெடுதியே கிடையாதா என்றால், உண்டு. செரிவாஸ்டாட்டின் என்னும் ஒருவகை 2001-ல் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குத் தசை சிதைந்து, சிறுநீரகம் கெட்டு, மரணமும் நேர்ந்தது. ஜெம்பிப்ரோசில் என்ற வேறொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கே அபாயம் மிக அதிகம். கெடுதி செய்ததற்காக எந்தத் தாயத்தாவது, எந்தத் தீர்த்தமாவது இப்படி வாபஸ் வாங்கப்பட்டதுண்டா?

சிம்வாஸ்டாட்டின், அடார்வாஸ்டாட்டின் ஆகியவற்றைக் குடலும் ஈரலும் சிதைத்து வெளியேற்றுகின்றன. கிளாரித்ரோமைசின் என்னும் கிருமி மருந்தும், கிரேப் ஃப்ரூட் பழச்சாறும் அவ்வேலையைத் தடுக்கின்றன. உடனே இரத்தத்தில் மருந்து அளவுமீறிப் பெருகுகிறது. "இயற்கை மருந்து" என்று விற்கப்படும் சீனத்துச் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருப்பதும் லோவாஸ்டாட்டின் என்னும் ஸ்டாட்டினே! இயற்கை என்ற பெயருக்காகக் கெடுதி விலகிவிடுமா?

இனிப் பேய்ப்பயத்தைப் பாருங்கள். இம்மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையென்று நிறுத்திவிட்ட 60 பேரை இங்கிலாந்தில் பரீட்சித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்குச் சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை. நிஜ மாத்திரையால் கண்ட தொந்தரவில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் கண்டது! அவர்கள் பொய் சொல்லவில்லை, வலி உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கை உண்டாக்கியது மருந்தைப் பற்றிய அச்சமேயாகும்.

ஆகவே தோழர்களே! நீங்கள் சாப்பிடும் மருந்து, சூரணம், லேகியம் எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். காரணமின்றித் தசை வலித்தாலோ, சோர்ந்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ உடனே அவரிடம் போங்கள். அண்டை வீட்டார் பேச்சைக் கேட்டு நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். "ஏன் இந்த மருந்து? எதனோடு சேரக்கூடாது?" என்று தைரியமாய்க் கேளுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல் விசாரித்தறிந்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.